ஒரு துண்டுச் சீட்டும் 180 நாளும்

அப்ரைசல் லெட்டர் கையில வந்ததும் எல்லாரும் முதல்ல பார்க்கறது நம்பரைத்தான். கடைசிப் பக்கத்துல ஒரு வரி இருக்கும், யாரும் கண்டுக்கறதில்லை: சம்பள விவரத்தை சக ஊழியர்களிடம் சொல்லக் கூடாது. நானும் அதை ஒரு நாகரிகம்னுதான் நெனச்சிட்டிருந்தேன், லில்லி லெட்பெட்டர் கதையைப் படிக்கிற வரைக்கும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் காட்ஸ்டன்னு ஒரு ஊர். அங்கே குட்இயர் டயர் தொழிற்சாலையில் 1979-ல் மேற்பார்வையாளராகச் சேர்ந்தார் லில்லி. சம்பளத்தைப் பத்தி வெளியே பேசினா வேலை போயிடும்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்கன்னு பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அவரும் பேசலை, யாரையும் கேட்கலை.

19 வருஷம் ஓடிப் போச்சு. 1998-ல் ஓய்வு பெறப் போகும் நேரத்தில் பெயர் போடாத ஒரு துண்டுச் சீட்டு கைக்கு வருது. அதில் அவருடைய சம்பளம், பக்கத்திலேயே அதே வேலை பார்த்த மூணு ஆண்களின் சம்பளம். பின்னாடி கோர்ட்டில் வந்த கணக்கு இது: 1997 கடைசியில் லில்லிக்கு மாசம் 3,727 டாலர். அதே பதவியில் இருந்த 15 ஆண்களில் ரொம்பக் குறைச்சலா வாங்கினவருக்கே 4,286. அதிகமா வாங்கினவருக்கு 5,236!

சட்டம் இல்லாமலா இருந்தது? சம வேலைக்கு சம ஊதியச் சட்டம் 1963-லேயே வந்தாச்சு. வேலையில் ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு 1964-ல் இன்னொண்ணு. ஆனா இந்த இரண்டாவது சட்டத்துல ஒரு கொக்கி: பாகுபாடு நடந்த 180 நாளுக்குள் புகார் கொடுக்கணும்.

ஜூரி லில்லி பக்கம் நின்னு 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. சட்ட வரம்பால் அது 3,60,000 ஆனது. மேல்முறையீட்டில் அதுவும் போச்சு. 2007 மே மாதம் உச்ச நீதிமன்றம் 5-4 என்று கைவிரித்தது: சம்பளத்தை முடிவு பண்ணின நாளிலிருந்துதான் 180 நாள், நீங்க லேட்டு!

நம்ம பாஷையில் சொன்னா, பக் வந்த 180 நாளுக்குள் டிக்கெட் போடணும், ஆனா லாக் பார்க்க உனக்கு அனுமதி கிடையாது. :-(

அப்போ அந்தக் கோர்ட்டில் இருந்த ஒரே பெண் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். தன் எதிர்ப்பை உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாகப் படித்தார். சம்பள வித்தியாசம் கொஞ்சங் கொஞ்சமா சேருவது, மத்தவங்க சம்பளமோ கண்ணுக்கே தெரியாது, இனி நாடாளுமன்றம்தான் திருத்தணும் என்பது அவர் வாதம்.

திருத்தினாங்க. 2009 ஜனவரி 29, ஒபாமா கையெழுத்திட்ட முதல் சட்டமே லில்லி பெயரில்தான். பாகுபாடான ஒவ்வொரு சம்பளக் காசோலைக்கும் 180 நாள் புதுசா ஆரம்பிக்கும். லில்லிக்கு மட்டும் அதனால ஒரு டாலர்கூட கிடைக்கலை. 2024 அக்டோபரில், 86 வயதில் காலமானார்.

அந்தச் சட்டம் கடிகாரத்தைத்தான் சரி பண்ணிச்சு, ரகசியத்தை உடைக்கலை. கொலராடோ 2021-லும் கலிஃபோர்னியா 2023-லும் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போடணும்னு சொன்னது அதுக்கு அடுத்த படி.

19 வருஷம் சட்டம் செய்யாததை ஒரு துண்டுச் சீட்டு செஞ்சுது மக்கா. உங்க லெட்டர்ல கடைசிப் பக்கத்தை ஒருதரம் பாருங்க. அந்த வரி யாரைக் காப்பாத்துதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.