கப்பலின் விலாவில் ஒரு கோடு

சரக்குக் கப்பல்களின் விலாப்புறத்தில் ஒரு வட்டமும், அதன் நடுவே ஒரு கிடைக்கோடும் வரையப்பட்டிருக்கும். அருகில் ஏணிப்படிகளைப் போல் மேலும் சில கோடுகள் இருக்கும். இதற்குச் சுமைக்கோடு என்று பெயர். உரிய கோடு நீரில் மூழ்கும் அளவுக்குச் சரக்கு ஏற்றுவது குற்றம். சர்வதேச அளவில் ஏற்கப்பட்டுள்ள இந்தப் பாதுகாப்பு அளவுகோலின் வரலாற்றில் நமக்கும் ஒரு படிப்பினை இருக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமையை நாம் அறிவோம். கீழ்த்தளத்தில் இருப்போர் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியில் துளையிட முனைகின்றனர். மேல்தளத்தார் தடுத்தால் எல்லோரும் பிழைப்பர். விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவர். 'என் இடம், என் விருப்பம்' என்னும் வாதம் அங்கே செல்லாது.

இவ்வுணர்வு இஸ்லாமிய ஆட்சிமுறையிலும் இடம்பெற்றது. ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள், தமது 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' நூலில் முஹ்தசிபின் கடமைகளை விவரிக்கிறார்கள். முஹ்தசிப் என்பவர் கடைவீதியின் எடை, அளவு, நேர்மை ஆகியவற்றைக் கண்காணிக்கும் அதிகாரி. கப்பல் தாங்காத சுமையை ஏற்றுவதையும், காற்று கடுமையாக வீசும்போது பயணம் புறப்படுவதையும் தடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று இமாம் எழுதியுள்ளார்கள்.

எட்டு நூற்றாண்டுகள் கழித்து, பிரிட்டன் இதே பிரச்சினையைத் தனது வழியில் எதிர்கொண்டது. பழுதடைந்த கப்பல்களிலும் அளவு மீறிச் சரக்கு ஏற்றினர் சில முதலாளிகள். கப்பல் மூழ்கினால் அவர்களுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைத்தது. மாலுமியின் மனைவி மக்களுக்கோ இழப்பு மட்டுமே மிஞ்சியது. அக்கப்பல்களை மக்கள் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றே அழைத்தனர். நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் 1873இல் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1875 ஜூலையில் அரசு தனது கப்பல் மசோதாவைக் கைவிட்டபோது, அவையிலேயே கொதித்தெழுந்தார். மறு ஆண்டில் சுமைக்கோடு கட்டாயமாயிற்று.

ஆனால் 1876ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெரும் ஓட்டை ஒன்று இருந்தது. கோடு வரைய வேண்டும் என்றதே தவிர, எந்த உயரத்தில் என்பதைக் கப்பல் உரிமையாளரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. 1890இல்தான் அதன் இடத்தைச் சட்டமே நிர்ணயித்தது. 1930இல் லண்டனில் இதற்கான சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று. 1966இல் புதிய உடன்படிக்கை அதன் இடத்தைப் பிடித்தது.

அக்கோடுகளின் அமைப்பில் ஆழ்ந்த கணக்கு இருக்கிறது. நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. அதே கப்பல் ஆற்றுமுகத்தில் சற்றுக் கூடுதலாக அமிழும். ஆகவே நன்னீருக்கெனத் தனிக்கோடு உண்டு. வெப்பமண்டலக் கடலுக்குரிய கோடு மேலேயும், கொந்தளிக்கும் குளிர்கால வட அட்லாண்டிக்குக்குரிய கோடு எல்லாவற்றுக்கும் கீழேயும் அமைந்திருக்கும்.

பிரிட்டன் முஹ்தசிபிடம் பாடம் கற்றது என்று நாம் வாதிடவில்லை. இரண்டு வரலாறுகளும் ஒன்றையே உணர்த்துகின்றன: இலாபம் பெறுபவரே எல்லையையும் வகுத்தால், அது எல்லையாக இராது.

இது கடலோடு முடிந்துவிடும் செய்தியன்று. பத்துப் பேர் அமரும் வேனில் இருபது பிள்ளைகளை ஏற்றி மதரஸாவுக்கும் பள்ளிக்கும் அனுப்புகிறோம். ஓட்டுநருக்கு வருமானம், நமக்குக் கட்டணம் குறைவு. எத்தனை பேர் ஏறலாம் என்பது அவ்வாகனத்தின் ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கிறது. அதைக் கேட்டுப் பார்த்தோமா? அல்லாஹ் பாதுகாப்பான் என்பது நமது ஈமான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நபிவழி.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்த அமானிதத்தை அளவறிந்து பேணும் நல்லோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.