அழுத்தினால் குணம் மாறும் பொருள்கள் - எப்படி?

ஒரு பொருளின் குணத்தை மாற்ற அதைச் சூடாக்கணும் அல்லது வேறொன்றைக் கலக்கணும் என்று நினைப்போம்.

சில பொருள்களுக்கு அதெல்லாம் தேவையில்லை. நல்லா அழுத்தினாலே காந்தத்தன்மை மாறும். மின்சாரத்தைக் கடத்தாதது கடத்தத் தொடங்கும்.

அவை அடுக்குகளால் ஆன இருபரிமாணப் பொருள்கள்.

அப்படின்னா என்ன?

குவே லாப்பிஸ் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வோர் அடுக்கின் கனமும் ஒருசில அணுக்கள்தான்.

அடுக்குக்குள் அணுக்கள் இறுக்கமாகப் பிணைந்திருக்கும். அடுக்குகளுக்கு இடையே பிடிப்பு குறைவு. பென்சிலில் உள்ள கிராஃபைட் சுலபமாக உரிந்து தாளில் ஒட்டுவது அதனால்தான்.

அழுத்தினால் என்ன ஆகும்?

- அடுக்குகளுக்கு இடையிலான இடைவெளி முதலில் சுருங்கும்.

- சில நேரம் அடுக்குகள் சறுக்கி வேறு வரிசையில் அமரும்.

- எலக்ட்ரான்கள் அடுக்கு விட்டு அடுக்கு தாவுவது சுலபமாகும்.

காந்தத்தன்மை, மின்கடத்தும் திறன் இரண்டுமே எலக்ட்ரான்களைப் பொறுத்தவை. அதனால் இரண்டும் மாறும்.

காந்தம் எப்படி மாறியது?

குரோமியம் டிரையயோடைடின் ஓர் அடுக்கு, சுமார் -228 டிகிரி செல்சியஸுக்குக் கீழே காந்தமாகும். இரண்டு அடுக்குகள் சேர்ந்தால் அவற்றின் காந்தத் திசைகள் எதிரெதிராக இருக்கும். ஒன்றை மற்றொன்று ரத்து செய்துவிடும்.

2019ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அதனை ஏறக்குறைய 2 கிகாபாஸ்கல் வரை அழுத்தினர். அது காற்றழுத்தத்தைப் போல் சுமார் 20,000 மடங்கு. அடுக்குகள் சறுக்கின, காந்தத் திசைகள் ஒன்றாயின.

அழுத்தத்தை நீக்கிய பிறகும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

மின்கடத்தும் திறன்?

இரும்பு, பாஸ்பரஸ், கந்தகம் சேர்ந்த எஃப்இ-பிஎஸ்3 சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. இரு வைரங்களின் முனைகளுக்கு நடுவே வைத்துச் சுமார் 14 கிகாபாஸ்கலுக்கு அழுத்தினால் உலோகம்போல் கடத்தும்.

அந்த நிலையில் காந்தத்தன்மை போய்விடும் என்று கருதப்பட்டது. ஆனால் அது ஓரளவு எஞ்சியிருப்பதை 2021ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தலைமையிலான குழு கண்டறிந்தது.

நமக்கு என்ன பயன்?

கணினியின் ஹார்ட் டிஸ்க், 0, 1 ஆகியவற்றைக் காந்தத் திசைகளாகப் பதிவுசெய்கிறது. ஒருசில அணுக்களின் கனத்திலேயே அந்தத் திசையை மாற்ற முடிந்தால் நினைவகங்களை இன்னும் சிறிதாக்கலாம்.

ஆனால் குரோமியம் டிரையயோடைடு ஈரக் காற்றில் கெட்டுவிடும், கடுங்குளிரும் வேண்டும். உங்கள் கைப்பேசிக்குள் அது உடனே வராது.

இப்போதைய பயன் வேறு. அழுத்தும்போது பொருளில் புதிதாக எதுவும் சேர்வதில்லை. அணுக்களின் இடைவெளியும் வரிசையும்தான் மாறுகின்றன. அதனால் எந்த மாற்றத்துக்கு எது காரணம் என்று தெளிவாகப் பார்க்கலாம். சாதாரண வெப்பநிலையில் வேலை செய்யும் பொருளைத் தேடுவோருக்கு அது வழிகாட்டும்.