எந்த இடத்தில்?

"படை என் கையில், பகைவன் என் எதிரில், எவரை நான் கேட்க வேண்டும்?" முடிதரித்த மன்னர்களின் எண்ணம் இதுதான். வென்றால் விருது மன்னனுக்கு. வீழ்ந்தால் மண் குடிமகனுக்கு!

இந்தக் கொடுமை குடியரசிலும் தொடரலாகாது என்று கருதினர், 1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரிலே கூடி அமெரிக்க அரசியல் சட்டத்தை வகுத்தோர். குடியரசுத் தலைவரே படைகளின் தலைமைத் தளபதி என்றனர். எனினும், போரை அறிவிக்கும் உரிமையைக் காங்கிரஸ் எனும் மன்றத்திடமே வைத்தனர். பகைவன் திடீரெனப் பாய்ந்தால் தடுக்கத் தலைவருக்கு இடமுண்டு. தாமே போரைத் துவக்க இடமில்லை. வாளை ஏந்துவது ஒரு கை. உருவச் சொல்வது மற்றொரு கை!

ஏட்டிலே இது இருந்தது. நாட்டிலே நடந்தது என்ன?

1846ஆம் ஆண்டு. அமெரிக்காவும் மெக்சிகோவும் உரிமை கொண்டாடிய நிலத்தினுள், ரியோ கிராண்டே ஆற்றங்கரை வரையில் படையை அனுப்பினார் தலைவர் போல்க். மோதல் மூண்டது. அமெரிக்க மண்ணிலேயே அமெரிக்கரின் இரத்தத்தை மெக்சிகோ சிந்திவிட்டது என்று மன்றத்துக்குச் செய்தி விடுத்தார். இரண்டே நாளில் போர் அறிவிக்கப்பட்டது. பிரதிநிதிகள் சபையில் எதிர்த்தோர் 14 பேரே!

மறு ஆண்டு டிசம்பரில், சபைக்குப் புதிதாக வந்த உறுப்பினர் ஒருவர் தீர்மானங்கள் கொணர்ந்தார். அவர் ஆபிரகாம் லிங்கன். இரத்தம் சிந்தியது எந்த இடத்தில்? அந்த இடம் எவருடையது? அங்கு வாழ்ந்தோர் எந்த அரசுக்கு அடங்கியிருந்தனர்? கேட்டார் லிங்கன், பதிலளித்தாரில்லை போல்க். எள்ளி நகையாடினர் எதிரிகள். ஆயினும் 1848 ஜனவரியில், அப்போர் தேவையின்றியும் அரசியல் சட்டத்துக்கு முரணாகவும் தலைவரால் துவக்கப்பட்டது என்று அதே சபை 85க்கு 81 என்ற வாக்குகளால் கூறிற்று. உண்மை வெளிவந்தது, மாண்டவர் மீண்டனரோ?

பாடம் கற்றதா மன்றம்? 1964 ஆகஸ்டில், டோங்கின் வளைகுடாவிலே தம் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டன என்று அறிவித்தார் தலைவர் ஜான்சன். தேவையான நடவடிக்கை அனைத்தையும் எடுக்க அவருக்கு இசைவளித்தது மன்றம். பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 416. எதிர்ப்பு இல்லவே இல்லை. செனட் சபையில் மறுத்தோர் இருவர்: வேயின் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங். 1968இல் இருவரும் பதவியிழந்தனர். இரண்டாவது தாக்குதல் நடைபெறவேயில்லை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. வியட்நாம் போரில் மாண்ட அமெரிக்கர் 58,000க்கும் மேல். வியட்நாமியரோ பல இலட்சம்!

1973இல், தலைவர் நிக்சனின் மறுப்பையும் மீறிச் சட்டம் இயற்றிற்று மன்றம். படையை ஈடுபடுத்தினால் 48 மணி நேரத்தில் தெரிவித்திடல் வேண்டும். மன்றம் இசையாவிடில் 60 நாளில் நிறுத்திடல் வேண்டும். படை பத்திரமாகத் திரும்ப மேலும் 30 நாள். வேலி எழுந்தது, வழியும் கண்டனர்! 2011இல் லிபியாவின் மீது நடந்த தாக்குதல் 60 நாளைக் கடந்தபோது, அது இச்சட்டம் குறிக்கும் சண்டையே ஆகாது என்றது ஒபாமா அரசு. குண்டுக்கு இரையானோர்க்கு இந்தச் சொல்லாராய்ச்சி விளங்குமோ?

தலைவரின் அதிகாரத்துக்கு எல்லை கட்டுவது சட்டம். அந்த எல்லையைக் காப்பது கேள்வி. போர் முழக்கம் கேட்டதும் ஐயத்தை அடக்கிக்கொள்வதே நாட்டுப்பற்று என்பார்கள். அந்த வேளையில்தான், இளைஞர்களே, ஒருவரேனும் எழுந்து கேட்டாக வேண்டும்: எந்த இடத்தில்?