மாலை நான்கு மணிக்குப் பின்: தென்சென்னைப் புறநகரில் வீடும் படிப்பும்

ஏழைப் பிள்ளைக்குக் கல்வி உதவி என்றதும் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது சோற்றுத் தட்டுதான். 1920இல் பிட்டி தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்துப் பார்த்தது. காமராசர் 1956இல் அதை மாநிலம் தழுவிய ஏற்பாடாக்கினார். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இந்த நூறாண்டு வரிசையைக் கட்சிகளின் சாதனைப் பட்டியலாகப் படிப்பதே வழக்கம். கடிகாரத்தை முன்வைத்தும் இதைப் படிக்கலாம்: பிள்ளையின் நண்பகலுக்கு முதலில் பொறுப்பேற்ற அரசு, பிறகு காலைக்கும் பொறுப்பேற்றது. மாலை இன்னும் பெரும்பாலும் வீட்டின் கையில்தான் இருக்கிறது. அந்த வீட்டையே முப்பது கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டால் மாலை யார் பொறுப்பு என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தென்சென்னைப் புறநகரில் இது ஊகக் கேள்வி அல்ல. குடிசை மாற்று வாரியம் (2021 முதல் இதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) 2000ஆம் ஆண்டையொட்டி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகரை எழுப்பியது. 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் எட்டு அடுக்குக் கட்டடங்களுக்கு மாற்றப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் அதைவிடவும் கூடுதல். வெள்ளத்திலிருந்து காப்பதற்கென்று ஆற்றங்கரையிலிருந்து அழைத்துவந்தவர்களைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குடிவைத்த முரணை இங்கே சொல்லிவிட்டு நகர்வோம். அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

இந்தக் குடியிருப்புகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வேலையிழப்பையும் தண்ணீரையும் போக்குவரத்தையும் பேசுகின்றன. சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் காரென் கோயெல்ஹோ, சக ஆய்வாளர்களுடன் 2013இல் வெளியிட்ட கட்டுரை, மறுகுடியமர்வுக் குடியிருப்பிலிருந்து வீட்டு வேலைக்குப் போகும் பெண்களை ஆராய்ந்தது. வீடு எங்கே இருக்கிறது என்பதும் வேலை எங்கே கிடைக்கிறது என்பதும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள். இதோடு மூன்றாவது பக்கம் ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ பாத்திரம் தேய்த்துவிட்டுப் பேருந்து பிடித்துத் திரும்பும் தாய், பிள்ளை பள்ளி விட்டு வரும் நான்கு மணிக்கு வீட்டில் இருப்பதில்லை. பழைய குடிசைப் பகுதியில் அந்த இடைவெளியைப் பாட்டியும் எதிர்வீட்டு அக்காவும் தெருமுனைக் கடைக்காரரும் நிரப்பினார்கள். குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்ட பிளாக்கில் எதிர்வீடு யாருடையது என்று தெரியவே ஆண்டுகள் ஆகும்.

வெளியுலகச் சான்று இரண்டு திசையிலும் பேசுகிறது. அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் 1994 முதல் 1998 வரை நடந்த வீட்டு மாற்றச் சோதனையை பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழு 2016இல் மறுபடி கணக்கிட்டது. வறுமை குறைந்த பகுதிக்குப் 13 வயதுக்கு முன் மாறிய பிள்ளைகள், வளர்ந்த பின் மற்றவர்களைவிட ஏறத்தாழ 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதைவிட மூத்த வயதில் மாறியவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை; இடம்பெயர்வே அவர்களுக்குச் சற்றுப் பாதகமாகவும் தெரிந்தது. நம் ஊரில் திசையே தலைகீழ்: பலதரப்பட்டவர்கள் கலந்து வாழ்ந்த நகர மையத்திலிருந்து, வறுமை மட்டுமே குவிந்த விளிம்புக்கு மாற்றம், அதுவும் எல்லா வயதுப் பிள்ளைகளோடும். அகமதாபாத் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1987இல் குலுக்கலில் புறநகர் வீடு கிடைத்த குடும்பங்களைப் பார்ன்ஹார்ட், ஃபீல்ட், பாண்டே ஆகிய மூவரும் 14 ஆண்டுகளுக்குப் பின் தேடிப்போய்ப் பார்த்தார்கள். வீடு கிடைக்காதவர்களைவிட இவர்களின் பிள்ளைகள் மேலேறிவிடவில்லை. உறவு வட்டம் மட்டும் சுருங்கியிருந்தது. நல்ல சுவர் தானாக நல்ல படிப்பைத் தந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான இந்தியச் சான்றை நான் படித்ததில்லை.

இனி உதவிகளின் வரிசையை வகுப்பு வாரியாக அடுக்கிப் பாருங்கள். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய், பள்ளியைத் தாண்டி உயர்கல்வி வாசலுக்கு வந்தவருக்கே. 2006இல் நடிகர் சூர்யா தொடங்கிய அகரம் அறக்கட்டளையின் 'விதை' கல்வி உதவித் திட்டமும் அந்த வாசலில்தான் நிற்கிறது. இடையில் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகையும் உண்டு. ஆனால் எட்டாம் வகுப்பில் தேர்வெழுதி வென்றவருக்கு மட்டும். ஆக, பிள்ளை தடுமாறும் வயதில் உதவி தேர்வு வைத்துப் பொறுக்குகிறது. இவற்றால் படித்து முன்னேறியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. முதல் மதிப்பெண் பிள்ளையைத் தூக்கிவிடும் ஏற்பாடு, கடைசி வரிசைப் பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது என்று மட்டுமே சொல்கிறேன்.

மாலையைத் தொட்ட அரசுத் திட்டம் ஒன்று உண்டு. கொரோனா ஊரடங்கின் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் உள்ளூர்த் தன்னார்வலர்களைக் கொண்டு மாலை வகுப்புகளை நடத்தியது. கற்றல் இடைவெளியை அது எவ்வளவு குறைத்தது என்ற விவாதம் இருக்கட்டும். பாடம் சொல்பவர் அதே தெருவைச் சேர்ந்தவர் என்பதே அதன் உண்மையான கண்டுபிடிப்பு. எதிர்வீட்டு அக்காவை அரசே திரும்பக் கொண்டுவந்தது போன்ற செயல் அது. பேரிடர்க் கால ஏற்பாடாகப் பிறந்ததை, மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் மட்டுமாவது நிரந்தர ஏற்பாடாக்க வேண்டும்.

அப்படியானால் மாலையையும் டியூஷனாக்கிவிடலாமா? கூடாது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா இருந்தார். செய்தி வந்ததும் பாராட்டு குவிந்தது. அரசும் பரிசுத் தொகை அறிவித்தது. அந்த வெற்றியில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது வேறு. மாலைதோறும் ஒரு மண் தரை, ஒரு பயிற்சியாளர், கூட ஆடப் பத்துப் பிள்ளைகள். 2020இல் கண்ணகி நகரின் சுவர்களில் ஓவியம் தீட்டி அதைக் கலை வட்டாரம் என்றார்கள். அழகுதான், ஆனால் பிள்ளைகளின் மாலைக்குத் தேவை அந்த மண் தரை.

நிர்வாகத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் 2011 முதல் பெருநகரச் சென்னை மாநகராட்சியில் இருக்கின்றன. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோதும் அது அதில் சேரவில்லை. வீடு வாரியத்தின் பொறுப்பு, பள்ளி கல்வித் துறையின் பொறுப்பு, விளக்கும் மைதானமும் உள்ளாட்சியின் பொறுப்பு. மாலை இந்த மூவரில் யாருடைய கோப்பிலும் இல்லை.

வீடுகளை இடிக்கும் நாட்காட்டியிலும் பிள்ளையின் படிப்புக்கு இடமில்லை. கூவக் கரையிலிருந்த சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்கள் 2019 டிசம்பரில், கல்வியாண்டின் நடுவில், பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகள் 2025 மே மாதம் இடிக்கப்பட்டன. கீரப்பாக்கம் முதலிய இடங்களில் மாற்று வீடுகள் ஒதுக்கப்பட்டன. கோடை விடுமுறை என்பதால் படிப்பு ஆண்டு நடுவில் அறுபடவில்லை என்று சமாதானம் சொல்லலாம். பத்தாம் வகுப்புக்குப் போகவிருந்த பிள்ளைக்கு ஜூனில் எந்தப் பள்ளி, எந்தப் பேருந்து என்ற கேள்வி அப்போதும் அப்படியே நிற்கும்.

ஆகவே வாரியத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஆற்றங்கரை வீடுகளைக் கணக்கெடுக்கும்போது, ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் படிக்கிறது என்பதையும் படிவத்தில் எழுதுங்கள். புதிய இடத்தில் பள்ளிச் சேர்க்கையும் மாலை மையமும் உறுதியான பிறகே சாவியைக் கொடுங்கள். அதுவரை பழைய வீட்டின் மீது கை வைக்காதீர்கள்.