தகர டப்பாவும் தணலடுப்பும்

சொந்த ஊரை விட்டு அயலூரில் குடியேறிய மனிதன் முதலில் தேடுவது என்ன? வேலை என்பார் சிலர். வீடு என்பார் சிலர். அவை இரண்டும் கிடைத்துவிட்ட மறுநாள் காலையில் அவன் தேடத் தொடங்குவது வேறொன்று. அது நாவுக்குப் பழகிய சுவை. தில்லியின் கரோல் பாகிலும், மும்பையின் மாதுங்காவிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலும் காப்பிப் பொடியையும் புழுங்கலரிசியையும் நல்லெண்ணெயையும் தேடி நடந்த தமிழ் மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஊரிலிருந்து வருகிறவரிடம், "வரும்போது கொஞ்சம் அப்பளம் கொண்டு வாருங்கள்" என்று கடிதம் எழுதாத குடும்பம் உண்டோ?

இதே தேட்டம், ஒரு காலத்தில் நம் நாட்டை ஆண்ட ஆங்கிலேயரையும் ஆட்டி வைத்தது. கோட்டையும் கொத்தளமும் அவர்கள் கைக்குள் இருந்தன. கச்சேரியும் கஜானாவும் அவர்கள் சொற்படி நடந்தன. ஆயினும் காலையில் உண்ண ஒரு துண்டு நல்ல ரொட்டிக்கும், கிறிஸ்துமஸ் நாளில் வெட்ட ஒரு கேக்குக்கும் அவர்கள் பட்ட பாடு தனி வரலாறு. அந்த வரலாற்றில் கப்பலுக்கும் கடைக்கும் பங்குண்டு. நம் நாட்டுச் சமையற்காரர்களின் கைகளுக்கு அவற்றினும் பெரும் பங்குண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட பாய்க்கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு சென்னைத் துறைக்கு வந்து சேர ஐந்தாறு மாதங்கள் ஆகும். இடையில் வெப்ப மண்டலத்தை இருமுறை கடக்க வேண்டும். பீப்பாயில் அடைத்த மாவில் வண்டு விழும். வெண்ணெய் உருகிச் சிக்கு நாற்றம் எடுக்கும். இந்தச் சோதனைகளையெல்லாம் தாண்டி வந்த பாலாடைக் கட்டிக்கும் உப்பிட்ட பன்றித் தொடைக்கும் துறைமுகத்தில் பொன்னின் மதிப்பு. கப்பல் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் கம்பெனி ஓர் உரிமை வழங்கியிருந்தது. குறிப்பிட்ட அளவுக்குத் தங்கள் சொந்தச் சரக்கையும் ஏற்றி வந்து விற்றுக்கொள்ளலாம். அந்தச் சரக்குகள் விற்பனையான கடைகளுக்கு 'ஐரோப்பாக் கடை' என்றே பெயர் வழங்கியது. கல்கத்தாவிலும் சென்னையிலும் புதுக் கப்பல் வந்தது என்ற செய்தி பரவியதும் துரைமாரின் வண்டிகள் அக்கடைகளை நோக்கி விரைந்தன.

இந்த நிலையை மாற்றியது ஒரு மிட்டாய்க்காரரின் மூளை. பிரான்சு நாட்டைச் சேர்ந்த நிக்கோலா அப்பேர் என்பவர் கண்ணாடிப் புட்டிகளில் உணவை அடைத்து, மூடி, வெந்நீரில் வேகவைத்துக் கெடாமல் காக்கும் முறையைக் கண்டு, 1810-ல் நூலாக வெளியிட்டார். அவ்வாண்டே இங்கிலாந்தில் பீட்டர் டூரண்டு என்பவர் இம்முறைக்கு உரிமை பெற்றார். அதில் தகரக் கலமும் இடம்பெற்றது. 1813-ல் பிரையன் டான்கின் லண்டன் நகரின் பெர்மாண்ட்சியில் தொழிற்சாலை நிறுவித் தகர டப்பாவில் இறைச்சியை அடைத்து விற்கலானார். டப்பா பிறந்துவிட்டது, அதைத் திறக்கும் கருவியோ பல்லாண்டுகள் கழித்தே பிறந்தது! அதுவரையில் உளியும் சுத்தியலும் கொண்டே உடைத்து உண்டார்கள்.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்கள் சில வாரங்களில் பம்பாய்க்கு வந்து சேர்ந்தன. டப்பாக்கள் வெள்ளமெனப் பெருகின. ரெடிங் நகரத்து ஹன்ட்லி அண்டு பாமர்ஸ் பிஸ்கோத்துகள், வூஸ்டர் நகரத்துக் குழம்பு, லண்டன் கிராஸ் அண்டு பிளாக்வெல் கம்பெனியின் பழப்பாகு எல்லாம் கடைகளை நிரப்பின. லண்டனில் 1871-ல் படை அதிகாரிகள் கூட்டுறவாகத் தொடங்கிய ஆர்மி அண்டு நேவி ஸ்டோர்ஸ், 1891-ல் பம்பாயிலும் 1901-ல் கல்கத்தாவிலும் கிளை திறந்தது. அந்நிறுவனத்தின் தடித்த விலைப்பட்டியலைப் பார்த்து, காட்டிலாகாவில் தன்னந்தனியே பணியாற்றிய இளம் அதிகாரியும் தேயிலையும் கேக்குத் தட்டும் தபாலில் வரவழைக்கலாம். சென்னையிலோ, 1860-களில் சிறு கடையாகத் தொடங்கிய ஸ்பென்சர் கம்பெனி, பின்னர் மவுண்ட் ரோடில் மாளிகை எழுப்பி மாகாணம் முழுவதற்கும் சரக்கு அனுப்பியது.

இனி அடுப்பங்கரைக்குச் செல்வோம். டப்பாவை வாங்கிவிடலாம், ரொட்டியை டப்பாவில் வாங்க இயலாது. அது அன்றாடம் சுட வேண்டிய பொருள். ஆங்கிலேயரின் ஊரில் ரொட்டி மாவைப் புளிக்க வைத்தது மதுவடிக்கும் சாலைகளில் கிடைத்த ஈஸ்ட். நம் நாட்டின் வெயிலில் அது நில்லாது. இக்குறையைத் தீர்த்து வைத்தது எது தெரியுமா? நம் பனையும் தென்னையும் தந்த கள்! மரத்திலிருந்து இறக்கிய கள்ளில் இயல்பாகவே ஈஸ்ட் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும். மாவில் அதனைச் சேர்த்துப் பிசைந்து வைத்தால் சில மணி நேரத்தில் பொங்கி எழும். 1510-ல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துகீசியரின் காலத்திலேயே இவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. அங்கிருந்து பம்பாய்க்கு வந்த கோவா ரொட்டிக்காரர்கள் வாயிலாக அந்நகரின் 'பாவ்' பிறந்தது. சென்னைப் பக்கத்திலும் கள்ளே ரொட்டிக்கு உயிர் கொடுத்தது. கள் கிடைக்காத இடங்களில் உருளைக்கிழங்கையும் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவையும் சர்க்கரையோடு புட்டியில் இட்டுப் புளிக்க வைத்தார்கள். மாவும் அப்படியே. மெல்லிய வெள்ளை மாவு கிடைக்காதபோது கோதுமை ரவையைக் கொண்டே ரொட்டி சுட்டனர். சிலர் அதையே சிறந்ததென்றும் போற்றினர்.

அடுப்பின் கதை இன்னும் சுவையானது. துரை வீட்டுக் குசினி பெரும்பாலும் பங்களாவுக்குப் பின்னால் தனிக் கட்டடமாக இருந்தது. அங்கே சாதாரணக் கரியடுப்பு மட்டுமே உண்டு. கேக்குக்கோ மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே சீராக வெப்பம் வேண்டும். நம் சமையற்காரர் என்ன செய்தார்? கனத்த பாத்திரத்தில் தட்டை வைத்து மூடினார். கீழே தணலைப் பரப்பினார். மூடியின் மேலும் தணலைக் கொட்டினார். மண்ணெண்ணெய் வந்த காலியான தகர டின்னும் அடுப்பாக மாறியது. வெப்பமானி இல்லை, கடிகாரமும் பெரும்பாலும் இல்லை. கையை அருகே நீட்டிப் பதம் பார்ப்பதும், மணத்தைக் கொண்டு வேக்காட்டை அறிவதுமே அளவுகோல். முகாமுக்கு முகாம் பெயர்ந்து செல்லும் கலெக்டரின் கூடாரத்திலே, மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி இவ்வாறு கேக்கைச் சுட்டு எடுத்த கைகளை எண்ணிப் பாருங்கள்!

இத்தொழிலுக்கு இரசாயன நூலும் துணை நின்றது. பர்மிங்ஹாம் நகரத்து ஆல்பிரட் பேர்டு என்ற மருந்து வணிகரின் மனைவிக்கு முட்டையும் ஈஸ்டும் ஒவ்வா. ஆகவே அவர் 1837-ல் முட்டையில்லாத கஸ்டர்டுத் தூளையும், 1843-ல் பேக்கிங் பவுடரையும் செய்தார். ஒரு மனைவியின் உடல்நலம் கருதிச் செய்த அந்தத் தூள் உலகெங்கும் பரவியது. நல்ல ஈஸ்ட் கிடைக்காத இந்தியாவில், டப்பாவில் கெடாது நிற்கும் அத்தூள் இல்லத்தரசிகளுக்கு வரப்பிரசாதமாயிற்று.

அக்கால வாழ்வை அறிய இரண்டு நூல்கள் உதவுகின்றன. ஒன்று நம் சென்னையில் பிறந்தது. சென்னைக் குதிரைப் படையில் பணியாற்றிய கென்னி ஹெர்பர்ட் என்பவர் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் 1878-ல் வெளியிட்ட சமையல் நூல் அது. டப்பாவில் வந்த மீனையும் காயையும் விருந்தில் பரிமாறுவதே பெருமை என்று பலர் கருதிய காலத்தில், இவ்வூரில் புதிதாகக் கிடைக்கும் மீனும் காயும் அவற்றினும் மேல் என்று அவர் எடுத்துரைத்தார். மற்றொன்று, பஞ்சாபில் நெடுங்காலம் வாழ்ந்த ஃபுளோரா ஆனி ஸ்டீல், கிரேஸ் கார்டினர் ஆகிய இருவரும் 1880-களின் இறுதியில் எழுதிய இல்லப் பராமரிப்பு நூல். துரைசானி நாள்தோறும் குசினியைப் பார்வையிடுவது முதல் பண்டகசாலையைப் பேணுவது வரை அதில் கூறப்பட்டிருக்கிறது. இரு நூல்களிலும் சமையற்காரர்களின் குறைகள் நிறைய உண்டு. அவர்களின் பெயர்களைத் தேடினால்தான் கிடைப்பது அரிது.

பெயர் நிலைத்தவர் ஒருவர் உண்டு. அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபாரின் தலைச்சேரியில், மாம்பள்ளி பாப்பு என்பவர் 1880-ல் பிஸ்கோத்துத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். 1883-ல் அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்தின் மர்டாக் பிரௌன் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கிறிஸ்துமஸ் கேக் ஒன்றை அவரிடம் காட்டி, இதுபோல் செய்ய இயலுமா என்று வினவினாராம். பாப்பு அச்சை உள்ளூர்க் கொல்லரிடம் அடிக்கச் சொன்னார். மணப்பொருள்களை மலபார்த் தோட்டங்களிலிருந்து எடுத்தார். பிரெஞ்சுப் பிராந்திக்குப் பதிலாக, முந்திரிப் பழத்தையும் கதலிப் பழத்தையும் கொண்டு வடித்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தார். சுவைத்துப் பார்த்த துரை, மேலும் ஒரு டஜன் கேக்குக்குச் சொல்லிவிட்டுப் போனாராம். இவ்வரலாற்றைப் பாப்புவின் வழிவந்தோர் இன்றும் பெருமையுடன் கூறுவர்.

மாற்றுப் பொருள் தேடும் இந்தத் திறமை நாடெங்கும் மலர்ந்தது. சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் கிடைக்காத அலகாபாத்தில், பூசணிக்காயில் செய்யும் பேட்டா மிட்டாய் கேக்கில் ஏறியது. வெண்ணெய்க்கு நெய்யும், மணத்துக்குச் சோம்பும் சாதிபத்திரியும் வந்தன. செர்ரிப் பழத்தின் இடத்தைச் சாயமிட்ட பப்பாளிக்காய் பிடித்துக்கொண்டது. கேரளத்தில் சர்க்கரையைக் கருக்கிக் கேக்குக்குக் கருநிறம் ஊட்டினார்கள். கொல்கத்தாவின் தால்தலாவில், டிசம்பர் மாதத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் மாவும் முட்டையும் உலர்பழமும் எடுத்துக்கொண்டு ரொட்டிக்கடைகளுக்குச் செல்லும். கடையின் முஸ்லிம் தொழிலாளர்கள் பிசைந்து, பெரிய விறகடுப்பில் சுட்டுக் கொடுப்பார்கள். அந்நகரின் புதுச் சந்தையில் பாக்தாதி யூதரான நாகூமின் கடைக் கேக்கை வாங்க நீண்ட வரிசை நிற்கும். யூதர் கடையிலும் முஸ்லிம் அடுப்பிலும் கிறிஸ்தவர் திருநாள் மணக்கிறது என்றால், அது இந்த மண்ணின் இயல்பு அன்றோ?

இங்கே ஒரு வேடிக்கையையும் கூற வேண்டும். 1927-ல் பிரிட்டனின் பேரரசு வாணிக வாரியம், அரண்மனைச் சமையற்காரரின் குறிப்புப்படி அமைந்த 'பேரரசுப் புட்டிங்' ஒன்றை விளம்பரம் செய்தது. அதன்படி உலர்திராட்சை ஆஸ்திரேலியாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வர வேண்டும், கிராம்பு சான்சிபாரிலிருந்து, இலவங்கப்பட்டை இந்தியா அல்லது இலங்கையிலிருந்து. தாய்நாட்டுச் சுவை என்று அவர்கள் ஏங்கிய சுவையில் பாதி நம் கரைகளிலிருந்து கப்பலேறிப் போனது! எதிர்த்திசையிலும் இத்தேட்டம் நடந்தது. இந்தியாவிலிருந்து திரும்பிய ஆங்கிலேயர் லண்டனில் கறித்தூள் தேடினர். 1784-லேயே பிக்காடில்லிக் கடையொன்று அதை விளம்பரம் செய்திருக்கிறது. நம் மிளகுத்தண்ணீரோ 'முல்லிகட்டானி' என்று பெயர் மாறி, அவர்கள் நாட்டு டப்பாவுக்குள்ளேயே புகுந்துவிட்டது.

பின்னர்க் காலம் மாறியது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் போக்குவரத்து தடைப்பட்டது. 1947-ல் ஆட்சி மாறியது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1957-ஐ ஒட்டி இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் சீமைச் சரக்கு அரிய பொருளாயிற்று. 1991-க்குப் பிறகு இறக்குமதிக் கதவுகள் மீண்டும் திறந்தன. பழைய பெயர்கள் சில கடைத் தட்டுகளில் மறுபடியும் காட்சி தருகின்றன. ஆனால் இந்த இடைக்காலத்தில் ரொட்டியும் கேக்கும் மறைந்துவிடவில்லை. ஏனெனில் அவை அதற்குள் நம் ஊர்ப் பொருளாகிவிட்டிருந்தன. கல்கத்தாவில் 1892-ல் சிறு வீடொன்றில் தொடங்கிய பிரிட்டானியாவும், பம்பாயில் 1929-ல் தோன்றிய பார்லேயும் பிஸ்கோத்தை ஏழை எளியவரின் தேநீருக்கும் துணையாக்கின.

அன்பர்களே, கப்பலில் வந்த டப்பாக்கள் துருப்பிடித்து எப்போதோ மண்ணாகிவிட்டன. நிலைத்து நின்றது, இல்லாத பொருளுக்கு இருக்கும் பொருளைக் கொண்டு ஈடு செய்த கைவண்ணம். அந்தக் கைகளுக்கு உரியவர்கள் ஏடுகளில் இடம்பெறவில்லை. தாம் உண்ணாத உணவை, தாம் காணாத நாட்டின் சுவைக்கு, தாம் படிக்காத நூலின்படி செய்து கொடுத்தவர்கள் அவர்கள். அடுத்த முறை தெருமுனைக் கடையில் சூடான ரொட்டி மணக்கும்போது அவர்களை ஒரு கணம் நினைப்பது நம் கடமை.

அயல் மாநிலத்து வீட்டில் முருங்கைக்காய் கிடைக்காத நாளில், அவ்வூர்க் காயைச் சாம்பாரில் இட்டு, "இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லும் தமிழ்ப் பெண்மணியும் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர்தாம்.