கவசமின்றிக் களம் புகுந்தோர்



1910ஆம் ஆண்டின் இறுதியில், மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் நுரையீரலைத் தாக்கும் கொள்ளைநோய் பரவியது. சீன அரசு அங்கு அனுப்பியவர், பினாங்கிற் பிறந்து கேம்பிரிட்ஜிற் பயின்ற வைத்தியர் வூ லியன் தே. நோய் மூச்சுவழியே தொற்றுகிறது என உணர்ந்த அவர், மெல்லிய துணியும் பஞ்சும் கொண்டு முகக்கவசம் அமைத்து, பணியாளர் யாவரையும் அணியச் செய்தார். அவர் கருத்தை ஏற்காத பிரெஞ்சு வைத்தியர் மெஸ்னி, கவசமின்றி நோயாளரைப் பார்வையிட்டார். சில நாட்களில் அந்நோய்க்கே இரையானார். மலிவான அத்துணியின் மதிப்பை மருத்துவ உலகம் அன்று கண்டது.

நூற்றுப்பத்து ஆண்டுகள் சென்றன. 2020இல் கொரோனா பரவியபோது, செல்வம் மிக்க அமெரிக்க ஐக்கிய நாடுகளிலேயே கவசங்களுக்குப் பஞ்சம் நேர்ந்தது. நியூயோர்க்கில் தாதியர் சிலர் குப்பைப் பைகளை மேலங்கியாக அணிந்து பணி செய்தனர். காரணம் அறியாமையன்று; கணக்கு. செலவைச் சுருக்க விரும்பிய வைத்தியசாலைகள் இருப்பைக் குறைத்து, தீரத் தீர வாங்கும் வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தன. உலகின் முகக்கவசங்களில் ஏறத்தாழப் பாதியைச் செய்துவந்த சீனாவே நோயின் முதற் களமாயிற்று. 2009ஆம் ஆண்டுப் பன்றிக்காய்ச்சலின்போது தேசியக் களஞ்சியத்திலிருந்து எடுத்த என்-95 கவசங்களோ போதியளவு மீள நிரப்பப்படவில்லை. சத்திரசிகிச்சை முகக்கவசத்தின் விலை ஆறு மடங்காகவும், என்-95இன் விலை மூன்று மடங்காகவும் உயர்ந்தன என 2020 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. நோயாளர் பெருகிய வேளையில் வைத்தியசாலைகளின் பணப்பெட்டி வெறுமையாயிற்று. அந்நாட்டில் அவற்றுக்கு மிகுந்த வருவாய் தருவன, மூட்டு மாற்றுதல் போன்று நாள் குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சைகள். கவசங்களையும் கட்டில்களையும் மிச்சப்படுத்தும் பொருட்டு அவை ஒத்திவைக்கப்பட்டன. வரவு நின்றது, செலவு ஏறியது. மார்ச் முதல் ஜூன் வரையான நான்கு மாதங்களில் நட்டம் 20,260 கோடி டொலர் என அமெரிக்க வைத்தியசாலைச் சங்கம் மதிப்பிட்டது. மார்ச் 27இல் நிறைவேறிய சட்டத்தின்படி அரசு 10,000 கோடி டொலர் ஒதுக்கியது. பல இடங்களில் ஊழியர்கள் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

நமது வன்னிக் கமக்காரன் எத்துணை வறுமையிலும் விதைநெல்லில் கைவைப்பதில்லை. அடுத்த மாரியை அவன் மறப்பதில்லை. களஞ்சியத்திற் கிடக்கும் கவசம் கணக்கேட்டில் வீண்செலவாகத் தோன்றலாம். கொள்ளைநோய் வரும் நாளில் அதுவே தாதியின் உயிர். சிக்கனம் நன்று, ஆனால் பிறர் உயிரைப் பணயமாக வைத்துச் செய்யும் சிக்கனம், சிக்கனம் ஆகாது.