மூக்கின் நடுச்சுவரும் ஓர் இரவுக் கட்டிலும்

சத்திரசிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கத்தியின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். நோயாளி அன்றிரவு எங்கே படுத்தான் என்பதைக் கூறுவோர் அரியர். கோணிய மூக்கு நடுச்சுவரை நேராக்கும் சிகிச்சையைப் பொறுத்தவரை, கண்டிக்கும் அதனைச் சூழ்ந்த மலையகத்துக்கும் இவ்விரண்டாம் வினாவே முதன்மையானது என்பது எமது கருத்து.

1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கண் சிகிச்சைக்குக் கொக்கெயினை விறைப்பு மருந்தாகப் பயன்படுத்திக் காட்டினார். மூக்கு வைத்தியர்களும் விரைவில் அதனை ஏற்றனர். 1902இல் சிக்காகோவின் ஒட்டோ ஃபிரீயரும் 1904இல் ஃபிரைபேர்க்கின் குஸ்தாவ் கில்லியனும், சுவரின் இருபுறச் சவ்வையும் உரித்து உயர்த்தி, இடையிலுள்ள கோணிய குருத்தெலும்பை அகற்றும் முறையை விளக்கினர். மூச்சு வழி திறந்தது; எனினும் சிலருக்கு மூக்குத்தண்டு பள்ளமாகியது, சிலருக்குச் சுவரில் துளை விழுந்தது. 1940களிலிருந்து மோரிஸ் கொட்டில் முதலியோர் குருத்தெலும்பை இயன்றவரை பேணும் முறையை வளர்த்தமைக்கு இதுவே காரணம்.

குருதி கசியாதிருக்க மூக்கினுள் துணிச்சுருள் திணிப்பது நெடுங்கால வழக்கம். வாயால் மூச்சுவிட்டபடி நோயாளி வாட்டிலே கிடப்பான். சுருளை எடுத்த பின்னரே வீடு. கட்டில் தேவைப்பட்டது கத்திக்காக அன்று, துணிக்காகவே எனலாம். சவ்வுகளை ஊடுதைத்து ஒட்டவைக்கும் முறை பரவி, எல்லோருக்கும் துணி திணிப்பதால் நன்மையில்லை என ஆய்வுகள் காட்டியபின், கட்டிலுக்கிருந்த காரணமும் பெரிதும் நீங்கியது.

அன்றே வீடு செல்லும் சிகிச்சை புதுமையன்று. கிளாஸ்கோவில் சிறுவர் வைத்தியசாலையின் வெளிநோயாளர் நிலையத்தில் தாம் பத்தாண்டுகளிற் செய்த 8,988 சத்திரசிகிச்சைகளைப் பற்றி ஜேம்ஸ் நிக்கல் 1909இல் எழுதினார். இத்தொகையை எடுத்துரைப்போர் பலர். அவர் செய்த இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகின்றனர்: பச்சிளங் குழந்தைகளும் தாய்மாரும் தங்க அண்மையில் ஒரு சிறு வீடு வைத்திருந்தார்; தாதியர் நோயாளரின் இல்லம் சென்று பார்த்தனர். அவர் கட்டிலை ஒழிக்கவில்லை, இடம்மாற்றினார்.

மூக்குச்சுவர் சிகிச்சை பற்றி இன்று வெளிவந்துள்ள ஒப்பீடுகள், அன்றே வீடு செல்வோரிடம் குருதிப்பெருக்கோ தொற்றோ பொதுவாக அதிகமில்லை என்கின்றன. ஒரு சிலர் வாந்தியாலோ குருதியாலோ அன்றிரவே வாட்டில் தங்க நேர்கிறது. ஆயினும் ஒன்று நோக்கற்பாலது. வீட்டுக்கு அனுப்பப்படுவோர் முன்னரே தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். உடல்நலம் உள்ளோர், துணைக்கு ஒருவர் உள்ளோர், ஒரு மணித்தியாலப் பயணத்துக்குள் வாழ்வோர் என்பதே பல நாடுகளின் வழமையான விதி. ஆகவே இவ்வொப்பீட்டில் சிகிச்சையோடு வீடும் அளக்கப்படுகிறது.

பேராதனையில் 1962இல் மருத்துவ பீடமும் 1980இல் போதனா வைத்தியசாலையும் தோன்றின. இவற்றையும் கண்டி வைத்தியசாலையையும் நாடுவோர் கட்டுகஸ்தோட்டையார் மட்டுமல்லர். நுவரெலியாவிலிருந்து கண்டி ஏறத்தாழ 77 கிலோமீற்றர். றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாக வளைந்து இறங்கும் பாதை. தோட்டத்து லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு வரும் தூரம் இதில் சேராது. நள்ளிரவில் மூக்கில் குருதி பெருகினால், மழைக்காலத்தில் அப்பாதையே நோயின் ஒரு பகுதியாகிவிடும். சவ்வுக்கடியில் குருதி தேங்கினால் தாமதமின்றி வடிக்க வேண்டும். தவறின் சீழ் பிடித்துக் குருத்தெலும்பு அழியும். "மூக்கடைப்புத்தானே" என்று கொழுந்து பறிக்கப் போகிறவளுக்கு இதை யார் சொல்வது? விறகடுப்புப் புகை நிறைந்த ஓரறை லயம், ஆறும் மூக்குக்கு உகந்த இடமுமன்று.

லயத்தில் நோயாளியாக இருக்க இடமில்லை என்பது பழைய செய்தி. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872இல் ஒரு தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. எனவே இப்பகுதியில் இரு முறைகளையும் ஒப்பிட முனையும் மாணவர், எத்தனை பேருக்குக் குருதி பெருகியது என்பதோடு அவர்கள் எங்கிருந்து, எத்தனை மணித்தியாலத்தில், எந்த வாகனத்தில் திரும்பி வந்தனர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். வராமலே விட்டோரைத் தேடித் தோட்டத்துக்கும் செல்ல வேண்டும். வாட்டுக்கும் லயத்துக்கும் இடையே, நிக்கல் வைத்திருந்தது போன்றதொரு வீட்டைக் கண்டி நகரிலே ஓரிரவுக்கு அமைத்தால் பலன் எவ்வாறிருக்கும் என்பதையும் அவர்கள் மூன்றாவது வரிசையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.